வியட்நாம் கடையில் அப்பா கேட்காத 'வாங்க'

பட்டையும் அன்னாசிப்பூவும் எலும்போடு சேர்ந்து மணிக்கணக்கில் கொதிக்கிற வாசம். கண்ணை மூடிக்கொண்டு மோந்தால், சிங்காநல்லூரில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு அடுப்பு மூட்டிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். கண்ணைத் திறந்தால் மெல்போர்ன் நகரத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வியட்நாம் சாப்பாட்டுக் கடை. எட்டோ ஒன்பதோ மேசை, துடைத்த ஈரம் காயாத பிளாஸ்டிக் விரிப்பு, ஒவ்வொரு மேசையிலும் ஒரு டம்ளர் நிறையச் சாப்பிடுகிற குச்சிகள், கல்லாவுக்குக் கீழே தரையிலேயே ஒரு சிவப்புச் சாமி மாடம், அதன் முன்னால் மூன்று ஆரஞ்சுப் பழமும் புகைகிற ஊதுபத்தியும். எனக்குப் பதினோரு வயது. நல்ல பசி. அந்தக் கடையில் நான் சாப்பிட்டதைப் பற்றி மட்டும் எழுதினால் நான்கு வரியில் முடிந்துவிடும். நிம்மதியாகச் சாப்பிட விடாமல் பெரியவர்கள் செய்ததைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு 'மொறை' உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் "வாங்க" என்று கேட்டுவிட வேண்டும். மற்ற ஊர்களில் அதைச் சொல்வார்கள். எங்களூரில் 'கேட்பது' என்றுதான் பேச்சு. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குள் ஒருவர் நுழைந்தால் பத்துப் பேரும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், வந்தவரும் பத்துப் பேருக்கும் தனித்தனியாகத் தலையாட்ட வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூர்க்காரர்களுக்கு என்ன மரியாதை என்று உருகுவார்கள். கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வளர்ந்தேன். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால் என் அப்பா சாப்பாட்டைப் பற்றிப் பேச மாட்டார், பொண்ணு மாப்பிள்ளையைப் பற்றிப் பேச மாட்டார். "பொண்ணோட சித்தப்பன் என்னையப் பாத்துட்டுத் தலையத் திருப்பிக்கிட்டான், வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்பதோடு அந்தக் கல்யாணம் அவரளவில் முடிந்துவிடும். அந்தச் சித்தப்பன் செத்தாலும் சரி, பிழைத்தாலும் சரி, அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

அப்பா சிங்காநல்லூரில் பம்ப் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். அவருக்கு ஒரே தங்கை, சாந்தாமணி. இரண்டு தெரு தள்ளி வீடு. அம்மா பள்ளிக்கூட டீச்சர், காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார் என்பதால், ஆறு வயது வரை எனக்குத் தலை பின்னியது, சோறு ஊட்டியது, பேன் பார்த்தது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் சாந்தாமணி அத்தைதான். அத்தைக்குக் குழந்தை இல்லை. எனக்கும் அந்த வயதில் எது என் வீடு என்பதில் அவ்வளவு தெளிவு இல்லை.

எனக்கு ஆறு வயதாகும்போது அத்தையும் மாமாவும் புது வீடு கட்டிக் குடிபோனார்கள். அண்ணன் வீட்டுச் சீராக அப்பா இருபத்தொரு தட்டு கொண்டுபோனார். பட்டுப்புடவை, வேட்டி, குத்துவிளக்கு, தேங்காய், சீப்புச் சீப்பாகப் பழம். வாசலில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். ஆனால் அவர் முகம் அந்தப் பக்கம் இருந்தது. ஆபீஸ் மேனேஜர் வந்திருந்தார், அவரோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அப்பா இரண்டு கையிலும் தட்டைப் பிடித்தபடி நின்றார். பின்னால் அம்மா, சொந்தக்காரப் பெண்கள், எல்லாரும் தட்டோடு நின்றோம். மாமா திரும்பவே இல்லை. அப்பா அப்படியே திரும்பி நடந்து, "தட்டையெல்லாம் வண்டியில ஏத்துங்க" என்றார். "ஏனுங்க, உங்க தங்கச்சி உள்ள நமக்காகத்தானுங்க காத்துட்டிருக்கு" என்று அம்மா கெஞ்சியது காதில் ஏறவில்லை. சீர்ப் பழத்தை ஒரு வாரம் நாங்களே தின்றோம். எனக்கு வயிற்றால் போயிற்று.

அன்று சாயங்காலமே அத்தை புதுப்புடவை கசங்க ஓடி வந்தார். அப்பா உள்ளறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அது மாமாவுக்குத் தெரிந்ததும் அவருக்கும் ரோசம் வந்துவிட்டது. "என்ற பொண்டாட்டி போயி நின்னும் வெளிய வல்லீல்ல? இனி அவரா வந்து என்னையக் கூப்புட்டாத்தான்" என்று சொல்லிவிட்டார். அந்த வருஷ முடிவிலேயே மாமாவுக்கு மெல்போர்னில் வேலை கிடைத்தது. அவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய நாளில், எனக்குக் காய்ச்சல் என்று ஒரு பொய்யைச் சொல்லி அப்பா என்னை வெளியே விடவில்லை. மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். வாடகைக் கார் எங்கள் தெருமுனையில் நின்றது, கொஞ்ச நேரம் நின்றது, பிறகு போய்விட்டது.

ஐந்து வருஷம் கழித்து, பம்ப் கண்காட்சி ஒன்றுக்காகப் பட்டறைக்காரர்கள் சிலர் மெல்போர்ன் போனார்கள். அப்பாவும் போனார். பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்ததால் என்னையும் கூட்டிப்போகச் சொல்லி அம்மா பிடிவாதம் பிடித்தார். காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. அம்மாவும் அத்தையும் ஒளித்து ஒளித்துப் போனில் பேசி ஏற்பாடு செய்தார்கள். அப்பா ஒரே பேச்சாகச் சொன்னார்: "அந்தாளு ஊட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். வாங்கன்னு கேக்காத எடத்துக்குப் போறதுக்கு நானென்ன தெருநாயா?" அத்தை அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். வீடு வேண்டாம், கடையில் பார்க்கலாம். கடை யாருடைய வீடும் இல்லை, அங்கே யாரும் யாரையும் 'வாங்க' கேட்க வேண்டிய அவசியமில்லை, சண்டைக்கு இடமில்லை. தன் வீட்டுக்குப் பக்கத்தில் தனக்குப் பழக்கமான வியட்நாம் கடை ஒன்று இருக்கிறது, கோழி நூடுல்ஸ் சூப்பு நன்றாக இருக்கும், காரம் நம்மூர் மாதிரி போட்டுக்கொள்ளலாம் என்றார்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் ஆட்களைப் பற்றி அத்தை மறந்துவிட்டார்.

அப்பாவும் நானும்தான் முதலில் கடைக்குள் போனோம். மேசையில் உட்கார்ந்தோம். கடைக்காரம்மா, தலைமுடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட குள்ளமான பெண், தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். திடீரென்று அப்பா எழுந்தார். "எந்திரி, வெளிய போலாம்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "முன்னாடி வந்து உக்காந்துட்டம்னா, அவிய உள்ள வரும்போது நாமதான் வாங்கன்னு கேக்கோணும்" என்றார். கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று எனக்குத் தோன்றியது. சொல்லும் தைரியம் இல்லை. வெளியே வந்து, பக்கத்துக் காய்கறிக் கடையில் பாகற்காயைப் பார்ப்பது மாதிரி நின்றோம். குளிர்காற்று காதை அறுத்தது. பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். அப்போதுதான் தெருவின் எதிர்ப்பக்கத்தில், ஒரு மருந்துக் கடை நிழலில், கோட்டுப் போட்டுக்கொண்டு அத்தை நிற்பதைப் பார்த்தேன். அவருக்குக் கொஞ்சம் தள்ளிக் காருக்குள் மாமா. அவர்களும் எங்களுக்கு முன்பிருந்தே அங்கேதான் நிற்கிறார்களாம். நாங்கள் போய் உட்கார்ந்த பிறகு வந்தால் நாங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பது மாமாவின் கணக்கு.

சமுத்திரம் தாண்டி வந்த இரண்டு பக்கமும், சாப்பாட்டு வாசம் மூக்கில் அடிக்க, உள்ளே யார் முதலில் போவது என்று தெருவில் நின்றுகொண்டிருந்தோம். இதைவிடக் கேவலம் ஏதாவது உண்டா என்று நீங்களே சொல்லுங்கள்.

கடைசியில் கடைக்காரம்மாதான் வெளியே வந்தார். தண்ணீர் வைத்த பிறகு எழுந்துபோன ஆட்கள் பாகற்காயை முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் தனக்குத் தெரிந்த அத்தையையும் பார்த்தார். இரண்டு கையையும் தூக்கி இரண்டு பக்கத்தையும் பார்த்து, கோழியைக் கூண்டுக்குள் விரட்டுவது மாதிரி உள்ளே போகச் சொல்லி ஒரு சத்தம் போட்டார். அவர் பேசியதில் ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் கூப்பிட்டுவிட்டார் அல்லவா, அப்பா உடனே உள்ளே போனார். அத்தையும் தெருவைக் கடந்து ஓடி வந்தார். மாமா மட்டும் காரை இந்தப் பக்கம் கொண்டுவந்து, கடைக் கண்ணாடிக்கு நேர் முன்னால் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்.

அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தலையைத் தடவினார். வேறு ஏதோ எண்ணெய் வாசம், ஆனால் அதே கை. "என்னுங்ணா, எளச்சுட்டீங்க" என்றார். அப்பா "ம்" என்றார்.

பெரிய பெரிய கிண்ணங்களில் ஆவி பறக்க வந்தது. அப்பா குனிந்து பார்த்து, "இது என்ன எலும்பு?" என்றார். "கோழிதானுங்ணா. உங்குளுக்குத் தெரியாம நான் வேறெதையாச்சும் போட்டுக் குடுத்துருவனா?" என்றார் அத்தை. கூடவே ஒரு தட்டு நிறையப் பச்சை இலைகள், முளைகட்டிய பயறு, எலுமிச்சைத் துண்டு, சீவிய மிளகாய். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆட்டுக்குப் போடுவது மாதிரி இருந்தது. அத்தை அந்த இலைகளைக் கிள்ளி என் கிண்ணத்தில் போட்டு, குச்சியால் அமுக்கிவிட்டார். துளசியும் சோம்பும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம் எழுந்தது. வாயில் வைத்தேன். உடம்பு முழுக்கச் சூடு இறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை நான் சாப்பிட்டதிலேயே அதுதான் நல்ல சாப்பாடு. இரண்டாவது வாய்க்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"அண்ணா, அந்தக் கண்ணாடி வழியா எட்டிப் பாருங். வந்ததுலருந்து அதே ஸ்டியரிங்கத் தொடச்சுட்டு உக்காந்திருக்கறாரு. நீங்க ஒரு எட்டுப் போயி வாங்க மாப்ளன்னு கேட்டீங்கன்னா முடிஞ்சுது."

"நான் எதுக்குக் கேக்கோணும்? இது என்ற ஊடா? கடை. பசிக்கிறவன் வந்து சாப்புட்டுப் போலாம்."

"அப்ப அந்தக் கடைக்காரம்மாவ உட்டே கேக்கச் சொல்லட்டுங்களா? அதுக்கு உங்க கௌரவமெல்லாம் தெரியாது, பாவம்."

அப்பா சூப்பை ஊதினார். அத்தைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "இங்க வந்து அஞ்சு வருசமாச்சுங்ணா. நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர் என்ற ஊட்டுக்கு வல்ல. அடுத்த வருசம் ஊருக்கு வரலாம்னு இருக்கறம். நான் எந்த ஊட்டுல வந்து எறங்கறது, சொல்லுங்."

இது எனக்குப் புரிந்தது. இப்போது மாமா உள்ளே வந்தால் அடுத்த வருஷம் அத்தை எங்கள் வீட்டுக்கு வருவார். வராவிட்டால் வர மாட்டார். பாத்ரூம் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். கார்க் கண்ணாடியைத் தட்டினேன். மாமா இறக்கினார்.

"மாமா, அப்பா உங்கள வாங்கன்னு கேக்கறாருங்."

"நெசமாவா கண்ணு?"

"நெசந்தானுங்."

"அவரே சொன்னாரா?"

"ஆமாங் மாமா. இப்பத்தான்."

மாமா உடனே இறங்கவில்லை. கம்பளித் தொப்பியைக் கழற்றினார். காருக்குள் முகம் பார்க்கிற கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு தலை சீவினார். சட்டையை உள்ளே விட்டு பெல்ட்டைச் சரிசெய்தார். அந்த ஆள் என் பேச்சை நம்பித் தலை சீவினார்.

உள்ளே வரும்போதே கையைக் கூப்பிக்கொண்டுதான் வந்தார். மேசைக்குப் பக்கத்தில் நின்று, "நல்லாருக்கீங்களா மச்சான்? கூப்புட்டீங்கன்னு பாப்பா சொல்லுச்சு" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். அரை நிமிஷம்கூட இருக்காது. பேசாமல் இருந்திருந்தால் போதும், நாற்காலியைக் காலால் கொஞ்சம் தள்ளிவிட்டிருந்தால் போதும், மாமா உட்கார்ந்திருப்பார். என் அப்பா எந்தக் காலத்திலும் பொய் சொல்லாத உத்தமர் ஒன்றும் இல்லை. ஐந்து வருஷம் முன்னால் எனக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னவர்தான். ஆனால் அன்றைக்கு அவருக்கு உண்மை தேவைப்பட்டது.

"நான் கூப்புடலியே. புள்ள எதாச்சும் சொல்லியிருக்கும்."

மாமாவுக்குக் கூப்பிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்படியே வைத்திருந்தார். "அன்னைக்கு என்ற தப்புதானுங். மேனேஜர் வந்திருந்தாரு. அவருகூடப் பேசீட்டு மறந்துட்டன். அவ்வளவுதான். மனசுல ஒண்ணும் வெச்சுட்டுச் செய்யலீங்."

"மறந்துட்டீங்க. சரி" என்றார் அப்பா. கிண்ணத்தைக் கிளறினார்.

மாமா கையை இறக்கினார். அத்தையைப் பார்த்து, "நீ சாப்புட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

"அண்ணா, அவரு கையெடுத்துக் கும்புட்டுட்டு நின்னாருங்" என்றார் அத்தை. அப்பா நிமிரவில்லை. அத்தை எழுந்தார். மீதி இருந்த இலைகளையெல்லாம் என் கிண்ணத்தில் கிள்ளிப் போட்டு, எலுமிச்சையைப் பிழிந்துவிட்டார். "பொய் சொன்னதுக்கு அத்தை கோவிச்சுக்கல கண்ணு. நானா இருந்தாலும் சொல்லியிருப்பன். சாப்புடு, ஆறிப்போயிரும்" என்று சொல்லி, என் உச்சந்தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

கடைக்காரம்மா வந்து, பாதி நிறைந்திருந்த அத்தையின் கிண்ணத்தைப் பார்த்தார். நன்றாக இல்லையா என்று முகத்தாலேயே கேட்டார். எடுத்துக்கொண்டு போகக் கை நீட்டினார். அப்பா அந்தக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். அத்தை போட்டுக்கொண்ட மிளகாய் அவருக்குத் தாங்காது. இருந்தும், மூக்கு ஒழுக ஒழுக, ஒரு நூல்கூட மிச்சமில்லாமல் முழுசையும் சாப்பிட்டார். வீட்டில் அம்மா கடித்த கொய்யாவைக்கூடத் தொடாத மனுஷன். அத்தையின் எச்சிலைத் தின்ன முடிந்த அந்த வாயால் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. இப்படிப்பட்ட பாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. கிண்ணத்தைத் தட்டிவிட வேண்டும் போலத்தான் இருந்தது.

அத்தை அடுத்த வருஷம் வரவில்லை. அதற்கப்புறம் வந்தபோதெல்லாம் பொள்ளாச்சியில் மாமாவின் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டுப் போனார். என் கல்யாணத்துக்கு அம்மா தபாலில் பத்திரிகை அனுப்பினார். நேரில் வைக்காத பத்திரிகைக்கு யார் வருவார்கள்? அந்த மண்டபத்தில் அத்தை உட்கார வேண்டிய நாற்காலியில் யார் யாரோ உட்கார்ந்து எழுந்து போனார்கள்.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. மண்டபங்களில் 'வாங்க' கேட்பதற்கு ஆள் வைக்கிறார்கள். ஒரே நிறப் புடவை கட்டிய ஆறு பெண்கள் வரிசையாக நின்று, யாரென்றே தெரியாதவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளிக்கிறார்கள். யாரும் கோபித்துக்கொண்டு தட்டோடு திரும்புவதில்லை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடையில் வியட்நாம் சூப்பு கிடைக்கிறது. சரவணம்பட்டியில் என்னோடு வேலை செய்யும் பிள்ளைகள் ஒருநாள் கூட்டிப்போனார்கள். மேசையில் ஒட்டியிருந்த கட்டத்தைப் போனில் படம் பிடித்தால் சாப்பாடு வருகிறது, ஆள் வருவதில்லை. மெல்போர்ன் கடையை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிவிட்டார்களாம். கடைக்காரம்மா என்ன ஆனார் என்று தெரியவில்லை. பழைய மொறை போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. போகட்டும், பீடை. அது தின்ற வருஷங்களைத்தான் யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

போன வருஷம் அப்பா இறந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு அத்தையும் மாமாவும் விமான நிலையத்திலிருந்து நேராக வந்தார்கள். அத்தை காரிலிருந்து இறங்கி நேராக உள்ளே ஓடி, கண்ணாடிப் பெட்டிமேல் விழுந்தார். மாமா வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். நன்றாகக் கிழடு தட்டிவிட்டது, முடி முழுக்க வெள்ளை. சாவு வீட்டில் யாரையும் 'வாங்க' கேட்கக் கூடாது. கேட்டால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவையும் கூப்பிட்ட மாதிரி என்பார்கள். எல்லாரும் வருவார்கள், சும்மா கையைத் தொட்டுவிட்டு உட்காருவார்கள். யாரும் கேட்காமல் மாமா உள்ளே வரக்கூடிய ஒரே நாள் அது. அப்படியும் அவரால் முடியவில்லை.

நான் எழுந்து கேட்டுக்குப் போனேன். "வாங்க மாமா" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

நாற்காலியிலிருந்து பெரியப்பா ஒருவர் எகிறினார். "ஏனம்மணி, எழவு ஊட்டுல வாங்கன்னு கேக்கறயே, புத்தி பெரண்டு போச்சா உனக்கு?"

"போகட்டுங் பெரிப்பா" என்றேன்.

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது, சிரிப்பா என்று சொல்ல முடியாது. "இந்த வாட்டியும் உங்கப்பா கூப்புட்டாருன்னு சொல்லலியா கண்ணு?"

"இல்லீங் மாமா. நாந்தான் கூப்புடறன்."

அவர் செருப்பைக் கழற்றினார்.